மாட்டுக் கொம்புக்கு வாங்கிய பெயிண்ட்

விசைத்தறியில் வேலை பார்த்தவர்களுக்கு வாயும் ஒரு சாமான்தான். இடுப்பில் செருகிய கத்தரியைப் போல அதுவும் நாள் முழுக்க உழைக்கும். நாடா என்று நாங்கள் சொல்வது ரிப்பனை அல்ல. தறியில் நீளவாக்கில் விரித்திருக்கும் பாவு நூலுக்குக் குறுக்கே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஓடித் துணி நெய்கிற, இரண்டு முனையும் கூரான மரக்கட்டை அது. அதன் வயிற்றில் நூல் சுற்றிய தார் உட்கார்ந்திருக்கும். தார் தீர்ந்தால் தறியை நிறுத்தி, புதுத் தாரைப் போட்டு, நூல் முனையை நாடாவின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக வெளியே எடுக்க வேண்டும். அந்த ஓட்டையில் விரல் போகாது. வாயை வைத்து ஒரு இழு இழுத்தால் நூல் நாக்குக்கு வந்துவிடும். எங்கள் தொழிலில் ரகசியம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை உறிஞ்சினேன் என்று எண்ணியதில்லை. எண்ணியிருந்தால் மறுநாள் வேலைக்குப் போயிருக்க மாட்டேன். பஞ்சு, எண்ணெய், பாவுக்குப் போட்ட கஞ்சி, முந்தி உறிஞ்சியவரின் வெற்றிலை எல்லாம் சேர்ந்து நாக்கில் ஒரு ருசி இருக்கும். யார் இன்று புகையிலை போட்டிருக்கிறார்கள், யார் வீட்டில் பூண்டுக் குழம்பு என்று நாடாவை வைத்தே சொல்லிவிடலாம். வாசலில் இருந்த டீக்கடையில் எங்களில் இரண்டு பேருக்கு டம்ளர் தனியாக ஆணியில் தொங்கியது. அதே இரண்டு பேர் உறிஞ்சிய நாடாவை உள்ளே வந்ததும் எல்லோரும் வாயில் வைத்தார்கள். தறி ஓட வேண்டுமானால் எந்தத் தீட்டும் இல்லை என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் குடோன் சோமனூருக்குப் பக்கத்தில் இருந்தது. குடோன் என்றால் ஓடு வேய்ந்த நீளமான கொட்டகை, இருபத்துநாலு தறி, ஆறு ஆள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பதை நெருங்கிய வயது. என் வீட்டுக்காரருக்குப் பாவுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்லில் வேலை. நான் பத்தாவது பாஸ். அந்தப் படிப்பு தறிக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. தறிச் சத்தத்தில் கத்தினாலும் காதில் விழாது. உதட்டசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். ஆறு மாதம் வேலை பார்த்தால் யாருக்கும் அது வந்துவிடும். அதனால் எங்கள் குடோனில் யாரும் யாரைப் பற்றியும் ரகசியம் பேச முடியாது. ஆனால் பேசுகிறவர்கள் அதை மறந்துவிடுவார்கள்.

என் நாலு தறிக்கு அடுத்த நாலு தறி ஒரு அக்காவுடையது. சொந்த அக்கா இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், புருஷன் இல்லை, ஒரே மகளைப் பெருந்துறைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். நான் சாப்பிடப் போனால் என் தறிகளையும் சேர்த்து எட்டையும் அவர் பார்ப்பார். அவர் போனால் நான் பார்ப்பேன். இப்படி நாலு வருஷம். என் வாய்க்கும் அவர் வாய்க்கும் நடுவில் எட்டு நாடாக்கள் போய்வந்துகொண்டிருந்தன. கூடப் பிறந்தவர்களோடுகூட நான் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

அந்த வருஷம் ஆடியில் எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகி உயிரை எடுத்தது. காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே போர்டு மாட்டியிருந்த ஆளிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டேன். அவர் டாக்டரா என்று நான் கேட்கவில்லை. கையில் குறடு இருந்தது, அது போதுமாக இருந்தது. மறுநாளே தறிக்கு வந்துவிட்டேன். பல் இருந்த குழி ஆறுவதற்குள் நாடாவை வாயில் வைத்து உறிஞ்சினேன்.

ஒரு மாதம் கழித்து இடது தாடை வீங்கியது. ஒரு பக்கக் கன்னம் வீங்கினால் எங்கள் பக்கத்தில் யாரும் யோசிப்பதில்லை. பொன்னுக்கு வீங்கி. வேப்பிலை அரைத்துப் போட வேண்டும், கழுத்தில் தங்கச் சங்கிலி போட வேண்டும், பொன்னைக் கண்டதும் வீக்கம் வற்றிவிடும். என்னிடம் இருந்தது தாலியில் கோத்த குண்டுமணி அளவுத் தங்கம்தான். அக்கா தறியை நிறுத்திவிட்டு வந்து, தன் கழுத்தில் இருந்த ஒற்றை வடச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார்.

"போட்டுக்க அம்மணி. வத்துனதுக்கு அப்பறம் குடுத்தாப் போதும்."

"வேண்டாமுங்க்கா, தறியில மாட்டி அறுந்துபோட்டா என்ன பண்றதுங்க?"

"அறுந்தா அறுந்துட்டுப் போச்சாது. உன்ற மூஞ்சியப் பாக்க முடியல."

அந்தச் சங்கிலியை நான் ஒன்றரை மாதம் போட்டிருந்தேன். வீக்கம் வற்றவில்லை. வலி பெரிதாக இல்லை, அதுதான் அதிசயம். ஆனால் தாடை மரக்கட்டை மாதிரி இறுகிக்கொண்டே போனது. மேல்தோல் ஊதா நிறமாக மாறியது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. சோற்றைக் கரைத்துக் குடித்தேன். நாடாவில் உதட்டை வைத்தால் இழுக்க முடியவில்லை, காற்று வெளியே ஓடியது. அதைப் பார்த்துவிட்டு அக்கா எனக்கும் சேர்த்து உறிஞ்சினார். "நீ பாவைப் பாரு, நூலை நானு எடுத்துத் தாரேன்" என்று உதட்டால் சொல்லிவிட்டு, எட்டுத் தறிக்கும் அவரே ஓடினார். இதை நான் மறைக்கப் போவதில்லை. பின்னால் நடந்ததை எழுதுகிறவள் இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை டீ நேரத்தில் வீக்கம் உடைந்தது. தாடை எலும்புக்குக் கீழே தோலில் ஒரு ஓட்டை விழுந்து, கழுத்து வழியாகச் சீழ் இறங்கியது. முந்தானையால் துடைத்தேன். சீழுக்குள் சின்னச் சின்னதாக மஞ்சள் மணிகள், உப்புமா ரவை போல. பக்கத்தில் உட்கார்ந்து வர்க்கி பிஸ்கட்டை டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்த அக்கா அந்த மணிகளைப் பார்த்தார். வர்க்கியை டம்ளருக்குள் போட்டுவிட்டு எழுந்து போனார்.

மத்தியானத்துக்குள் எனக்கு மூன்று நோய் வந்துவிட்டது. ஒருத்தி புற்று என்றாள். ஒருத்தி குஷ்டம் என்றாள். மூன்றாவது நோய் ஒழுக்கத்தைப் பற்றியது, அதை எழுத எனக்குக் கூசுகிறது, சொல்ல அவர்களுக்குக் கூசவில்லை. முதலாளி வந்தார். தோட்டமும் மாடும் வைத்திருந்து தறிக்கு மாறியவர், யாரையும் 'ங்க' இல்லாமல் கூப்பிட மாட்டார். தள்ளி நின்று என் தாடையைப் பார்த்தார்.

"எங்க செவலை மாடு ஒண்ணுக்கு இதே மாதிரி தாடையில வந்துச்சுங்க அம்மணி. இதே மாதிரிதான், கல்லு மாதிரி இறுகி, அப்பறம் ஒடைஞ்சு ஊத்துச்சு."

"அப்பறம் என்னங்க பண்ணுனீங்க?"

"என்னத்தப் பண்றது. சந்தைக்குப் புடிச்சுட்டுப் போயி வித்துப்போட்டமுங்க."

சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டுக்கொண்டு, நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்க்கச் சொன்னார். நான் அன்று பொழுது சாயும்வரை தறி ஓட்டினேன். நூல் எடுத்துத் தர அக்கா வரவில்லை. ஊக்கை வளைத்து நானே நூலை இழுத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிஷம் ஆனது. நாலு தறியில் எப்போதும் இரண்டு நின்றே இருந்தன.

பொழுது இறங்கிக் கிளம்பும்போது அக்கா குடோன் வாசலில் காத்திருந்தார். கையில் ஒரு சொம்பு. அதில் மஞ்சள் தண்ணீர்.

"கண்ணு, தப்பா நெனச்சுக்காத. மக வந்திருக்கறா, அந்தச் சங்கிலியக் கேக்கறா. இதுக்குள்ள போட்டுரு."

அவர் மகள் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நான் சங்கிலியைக் கழற்றிச் சொம்புக்குள் போட்டேன். அவர் என் விரல் படாமல் சொம்பை வாங்கிக்கொண்டு, "பத்திரமாப் போயிட்டு வா அம்மணி" என்றார். எங்கள் ஊர் மரியாதை என்பது இதுதான். செருப்பால் அடிக்கும்போதும் 'ங்க' போட்டு, கண்ணு என்று கூப்பிட்டு அடிப்பார்கள். அடி வாங்கியவள் நன்றி சொல்லிவிட்டுப் போவாள். நானும் "சரீங்க்கா" என்றுதான் சொன்னேன்.

மறுநாள் வீட்டுக்காரர் என்னைக் கோவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தார். உட்காரச் சொன்னதற்குக் கால் கடுக்கவில்லை என்றார். அங்கேயும் முதலில் புற்று என்றுதான் சந்தேகப்பட்டார்கள். சதையில் ஒரு துணுக்கு வெட்டி எடுத்து, அந்த மஞ்சள் மணிகளையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எட்டு நாள் காத்திருந்தோம். அந்த எட்டு நாளில் என் மகனை மாமியார் வீட்டில் விட்டுவிட்டார்கள். என் தட்டு, டம்ளர், பாய் மூன்றும் வீட்டில் தனி மூலைக்குப் போயின.

எட்டாம் நாள் ஒரு டாக்டரம்மா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து ஒருவர் சிரித்தது அன்றுதான்.

"புற்று இல்லம்மா. இது ஒரு கிருமி. எப்பவாவதுதான் இப்படி வரும், நாங்களே அதிகம் பார்த்ததில்லை."

"எங்கிருந்துங்க வந்துச்சு?"

"எங்கிருந்தும் வரலை. எல்லார் வாயிலயும் இருக்கற கிருமிதான். என் வாயிலயும் இருக்கு, உங்க வீட்டுக்காரர் வாயிலயும் இருக்கு. வாய்க்குள்ள சும்மா கிடக்கும். பல் பிடுங்கின குழி வழியா உங்களுக்குச் சதைக்குள்ள இறங்கிருச்சு. ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டாது. பென்சிலின் போட்டா சரியாயிடும், ஆனா மாசக்கணக்கில போடணும்."

சீட்டில் ஆக்டினோமைக்கோசிஸ் என்று எழுதியிருந்தது. வாயில் வந்த நோய்க்கு வாயில் நுழையாத பெயர். நான் எழுத்துக் கூட்டிப் பத்து முறை படித்து மனப்பாடம் செய்துகொண்டேன். ஊருக்குப் போய்ப் பெயரைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அந்த வயதிலும் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

ஒரு மாதத்துக்கு மேல் வார்டில் படுத்து ஊசி போட்டுக்கொண்டேன். பிறகு மாத்திரையைக் கையில் கொடுத்து, வாரம் ஒரு முறை வந்து காட்டச் சொன்னார்கள். நான் உட்கார வேண்டிய பெஞ்சு நெஞ்சு நோய்ப் பிரிவுக்கு எதிரில். அங்கே தகர டப்பாவில் சளியை ஏந்திக்கொண்டு வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். வாரா வாரம் அந்த இருமலைக் கேட்டேன். பஞ்சுத் தூசிக்கு வருகிற இருமல் வறட்டு இருமல், தொண்டையோடு நின்றுவிடும். இது அடிநெஞ்சிலிருந்து கிளம்பி, முடிந்த பிறகும் ஆளை ஆட்டும். சாயங்காலக் காய்ச்சல், கன்ன எலும்பு துருத்துவது, ஜாக்கெட் தோளில் தொளதொளப்பது, ராத்திரி வேர்வை என்று எல்லாவற்றையும் அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். மூன்று வாரத்துக்கு மேல் இருமினால் காசநோயாக இருக்கலாம், சளியைக் காட்ட வேண்டும் என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. என் பத்தாவது படிப்பு உருப்படியாகப் படித்தது அந்தச் சுவரைத்தான்.

பொங்கல் கழிந்து பத்து நாளில் நான் குடோனுக்குத் திரும்பினேன். தாடை வற்றியிருந்தது, ஓட்டை மூடி ஒரு குழியாகியிருந்தது, வாய் நன்றாகத் திறந்தது. கையில் டாக்டரம்மா எழுதிக்கொடுத்த கடிதம். இது ஒட்டுவாரொட்டி அல்ல, இவர் எந்த வேலையும் செய்யலாம் என்று தமிழிலேயே எழுதித் தந்திருந்தார். எனக்கு வேண்டியது என் பழைய நாலு தறி. வேறு எதுவும் இல்லை. வீட்டில் என் தட்டு இன்னும் மூலையில்தான் இருந்தது. தறி திரும்பக் கிடைத்தால் தட்டும் தானாக நடுவீட்டுக்கு வந்துவிடும் என்று நான் நம்பினேன்.

முதலாளி கடிதத்தைப் படித்தார். மடித்தார். அக்காவைக் கூப்பிட்டார். இருவரும் குடோனின் மறு கோடியில், ஓடுகிற தறிகளுக்கு நடுவில் நின்று பேசினார்கள். அங்கிருந்து எனக்கு எதுவும் கேட்காது என்று நினைத்திருப்பார்கள். அக்காவின் முகம் என் பக்கம் இருந்தது. அவர் உதட்டை நாலு வருஷம் படித்தவள் நான்.

"அவ வாய் வெச்ச நாடாவ நானு தொட மாட்டனுங்க. அவ பக்கத்துல வந்தா நானு வேலைய விட்டு நின்னுக்கறனுங்க."

முதலாளி திரும்பி வந்து, முகம் முழுக்கச் சிரிப்பாக, "நானு நம்பறனுங்க அம்மணி. மத்தவங்களும் நம்போணுமல்லங்க? கோடியில இருக்கற நாலு தறிய நீங்க ஓட்டுங்க. நாடா மட்டும் உங்களுக்குத் தனியா வெச்சுக்கலாம்" என்றார். கோடித் தறிகள் நாலும் பழசு, அதை ஓட்டிய ஆள் தீபாவளியோடு நின்றுவிட்டிருந்தார். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடிக்க வாங்கிய நீல பெயிண்ட் டப்பாவில் கொஞ்சம் மீதி இருந்தது. அதை எடுத்துவரச் சொல்லி, என் நாடாக்களின் பக்கவாட்டில் அடிக்கச் செய்தார். அடித்தது அக்கா. ஓட்டை அடைந்துவிடாமல் கவனமாக, குச்சியில் துணி சுற்றி அடித்தார். மாட்டுக்கு அடித்தால் அதற்கு ஒரு நாள் பொங்கலாவது வைப்பார்கள்.

அன்றிலிருந்து நீல நாடா என் ஒருத்திக்கு. நான் சாப்பிடப் போனால் என் நாலு தறியும் நிற்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் நின்றுகொண்டே, ஒரு கண் தறியில் வைத்துத் தின்றேன். ஒதுங்கப் போவதற்குக்கூட யோசித்தேன். என் பழைய நாலு தறிக்குத் தாராபுரத்திலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணைப் போட்டார்கள். பத்தொன்பது வயது இருக்கும். அக்காவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அக்கா சாப்பிடப் போனால் அவள் எட்டையும் பார்த்தாள். அவள் போனால் அக்கா பார்த்தார். நான் கோடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசியில் அக்கா இருமத் தொடங்கினார். பஞ்சுத் தூசி என்றார்கள். எங்களில் யார்தான் இருமவில்லை. பங்குனியில் நான் ஒரு நாள் அவர் இருமியதைப் பார்த்தேன். கேட்கவில்லை, பார்த்தேன். இருமல் நின்ற பிறகும் அவர் தோள் ஆடியது. ஒரு கையால் தறியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் நாடாவை எடுத்து, ஓட்டையில் வாயை வைத்து, நூலை இழுத்தார். அந்தப் பெண் வந்து அதே நாடாவை வாங்கிக்கொண்டாள்.

எனக்கு அந்த நிமிஷமே தெரியும். இதை எந்தச் சுற்றும் இல்லாமல் எழுதிவிடுகிறேன். ஜாக்கெட் தோளில் தொங்கியது. கன்ன எலும்பு துருத்தியது. சாயங்காலமானால் முகம் சிவந்து கண் பளபளத்தது. அந்த எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆட்களில் ஒருவர் எழுந்து வந்து எங்கள் குடோனில் நிற்கிற மாதிரி இருந்தது. காலாகாலத்தில் மாத்திரை சாப்பிட்டால் ஆறேழு மாதத்தில் தீர்கிற நோய். எந்தக் கட்டிடம், எந்த வரிசை, எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு என்பதுவரை எனக்குத் தெரியும். குடோனில் வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு முறை சொல்லத்தான் போனேன். சித்திரையில், சோற்று நேரத்தில், அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க்கா" என்று ஆரம்பித்து இரண்டடி பக்கத்தில் போனேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, பக்கத்தில் திறந்து வைத்திருந்த தூக்குப்போசியை மூடி, தன் மறுபக்கத்துக்கு நகர்த்தி வைத்தார். என் மூச்சு சோற்றில் பட்டுவிடும் என்று.

"என்ன அம்மணி?"

"ஒண்ணுமில்லீங்க்கா. மழை வர்ற மாதிரி இருக்குது" என்றேன்.

திரும்பி என் தறிக்கு வந்தேன். இருமட்டும் என்று நினைத்தேன். எல்லார் வாயிலும் கிடக்கிற கிருமிக்காக என்னைக் கோடிக்குத் தள்ளினீர்களே, இப்போது உண்மையிலேயே பரவுகிறதை ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு, ஒரே நாடாவை மாற்றி மாற்றி உறிஞ்சுங்கள் என்று நினைத்தேன். எனக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. என் நீல நாடாவை எடுத்து உறிஞ்சும்போது, குடோனிலேயே சுத்தமானது இது ஒன்றுதான் என்று தோன்றியது. என்னை அவமானப்படுத்த அடித்த பெயிண்ட் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. வைகாசி போயிற்று. ஆனி போயிற்று. அந்தத் தாராபுரத்துப் பெண்ணும் இருமத் தொடங்கினாள். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்தவள் இல்லை. அப்போதும் நான் சொல்லவில்லை. இத்தனை நாள் கழித்துச் சொன்னால், ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் அதற்குள் வந்திருந்தது.

ஆடி பிறந்து நாலாம் நாள் அக்கா தறிமேலேயே சாய்ந்தார். நெய்துகொண்டிருந்த வெள்ளைத் துணியில் ரத்தம் பட்டது. முதலாளி அந்த ஒரு முழத்தை வெட்டி எடுக்கச் சொல்லிவிட்டு, வண்டி பிடித்து அவரை அனுப்பிவைத்தார். அந்தப் பெண்ணையும் பரிசோதித்தார்கள். அவளுக்கு ஆரம்ப நிலை, மாத்திரையில் குணமாகிவிட்டது. ஆனால் புருஷன் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை, தாராபுரத்துக்கே கொண்டுபோய் விட்டார்கள். பிறகு முதலாளி எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு வளைந்த கம்பி வாங்கிக்கொடுத்து, இனி யாரும் நாடாவில் வாய் வைக்கக் கூடாது என்று சொன்னார். ஒரு வாரத்தில் எல்லோருக்கும் கை பழகிவிட்டது. அந்தக் கம்பி ஐந்து வருஷத்துக்கு முன்பும் கடையில் தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். என் பழைய நாலு தறியை எனக்கே திரும்பக் கொடுத்தார்கள். நான் விரும்பியது கிடைத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அக்கா இருபத்திரண்டு நாள்தான் உயிரோடு இருந்தார். நடுவில் ஒரு நாள் அவர் மகள் என் வீட்டுக்கு வந்தாள். "உங்களுக்கு ஆஸ்பத்திரியெல்லாம் பழக்கமுங்கல்ல, ஒரு நாளு கூட வாரீங்களா? அம்மா உங்களையக் கேட்டுட்டே இருக்குதுங்க" என்றாள். போனேன். அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

நோய் தொண்டையிலும் இறங்கி, அக்காவுக்குக் குரல் போய்விட்டிருந்தது. மகளுக்கு அவர் சொல்வது ஒன்றும் புரியவில்லை, காதைக் கொண்டுபோய் வாயருகில் வைத்து அழுதாள். எனக்குக் காது வேண்டியதில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டே அவர் சொன்னதை எல்லாம் படித்தேன்.

கழுத்தைத் தடவிக் காட்டினார். சங்கிலி இல்லை.

"சங்கிலிய மஞ்சத்தண்ணியில போடச் சொன்னனே. மனசுல வெச்சுக்காத கண்ணு."

"அதெல்லாம் எப்பவோ மறந்துபோட்டனுங்க்கா" என்றேன்.

அவருக்கு மூச்சு வாங்கியது. மேலே சுற்றுகிற மின்விசிறியையும் எதிர்ச் சுவரையும் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

"நீ இங்கேயே கெடந்தயே அத்தன நாளு. இந்த இருமல் இன்னதுன்னு உனக்குத் தெரியலயா அம்மணி?"

"தெரியலீங்க்கா."

அம்மா என்ன சொல்கிறார் என்று மகள் என்னைக் கேட்டாள். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு மறுபடியும் அசைந்தது. நாலு வருஷத்தில் நான் அவரிடம் படித்த எந்த வார்த்தையும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

"அதான பாத்தேன். தெரிஞ்சிருந்தா நீ சொல்லியிருப்பே."

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.